கரண்ட் எத்தனை நாள், அக்கா?

எங்கள் பக்கத்தில் மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த பெண்கள் என்னைத் தேடி வரும்போது, பிழைப்பேனா என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். வாய்விட்டுக் கேட்பது, "கரண்ட் எத்தனை நாள் வைப்பாங்க அக்கா?" என்பதைத்தான். கரண்ட் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை.

நானும் அதைத்தான் கேட்டேன். நீடாமங்கலத்துக்குத் தெற்கே உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. கதிர்வீச்சு என்றால் எங்களுக்குத் தஞ்சாவூர், விட்டால் திருச்சி. காலையில் டவுன் பஸ், அப்புறம் இன்னொரு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ, பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பெயர் கூப்பிடும் வரை காத்திருப்பது. மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான், மற்ற நேரமெல்லாம் வழியிலேயே போய்விடும். இன்று மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டால் அதே வழியில் திரும்பி வரவேண்டும். எனக்காவது மாதச் சம்பளம் இருக்கிறது, மருத்துவ விடுப்பு இருக்கிறது. கோட்டூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணை அங்கேதான் பழக்கமானேன். நடவு வேலைக்குப் போகிறவர். ஜூனில் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்து, ஊரே நடவில் இறங்கியிருக்கும் நேரத்தில் அவருக்குக் கரண்ட் தேதி கொடுத்தார்கள். காப்பீட்டு கார்டில் ஆஸ்பத்திரி செலவு கழிந்துவிடுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பஸ் காசு, துணைக்கு வருகிறவரின் அன்றைய கூலி, மதியச் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த ஆடு மாடு இதெல்லாம் எந்த கார்டிலும் வராது. அவர் பாதியில் நின்றுவிட்டார். கட்டி எடுத்தாச்சு, மருந்தும் ஏத்தியாச்சு, இது எதுக்கு இன்னும் என்று வீட்டில் கேட்டார்களாம்.

இதை நான் ஆராய்ச்சி பற்றிப் பேசுவதற்காகத்தான் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி என்றவுடன் நம் ஆட்களுக்குப் புது மருந்து, அமெரிக்கா, வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் இவைதான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கரண்ட் கணக்கு. நெடுங்காலமாக உலகம் முழுவதும் வழக்கமாக இருந்தது 25 முறை, அதாவது சனி ஞாயிறு நீங்கலாக ஐந்து வாரம். இங்கிலாந்தில் 1999-ல் தொடங்கிய ஆய்வுகளில், மொத்த அளவைச் சற்றுக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, 15 முறையில் மூன்றே வாரத்தில் முடித்துப் பார்த்தார்கள். பத்து வருடம் பின்தொடர்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டபோது, நோய் திரும்பி வருவதில் குறுகிய முறை எந்த விதத்திலும் பின்தங்கவில்லை, பக்கவிளைவும் கூடவில்லை. அதோடு நிற்காமல் அடுத்து ஐந்தே முறை, ஒரே வாரம் என்று இன்னொரு ஆய்வு செய்தார்கள். 97 ஆஸ்பத்திரிகள், 4,096 நோயாளிகள். அதன் ஐந்து வருட முடிவு 2020-ல் வந்தது, கொரோனா நேரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகவே எல்லோரும் பயந்துகொண்டிருந்த சமயத்தில். மூன்று வார முறைக்கு ஒரு வார முறை சளைத்ததல்ல என்று தெரிந்தது.

எல்லோருக்கும் ஒரு வாரம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அக்குள் நெறிகளுக்கும், அதாவது அங்கே உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும், சேர்த்துக் கரண்ட் வைக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், ஆபரேஷனுக்குப் பின் மார்பகத்தை மறுபடி அமைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். 25 என்பது 15 ஆவதும், 15 என்பது 5 ஆவதும் லண்டனில் இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சௌகரியம். கடைமடைப் பெண்ணுக்கு அதுதான் சிகிச்சை முடிவதற்கும் பாதியில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றுகூடப் படிக்காத கோட்டூர் பெண், முக்கியமான கேள்வி எது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். அந்தக் கேள்வியை மருத்துவ உலகம் கேட்க எத்தனையோ காலம் ஆனது. எனக்கு இருக்கிற வருத்தமெல்லாம் இதுதான்: எதை ஆராய வேண்டும் என்று முடிவெடுக்கும் மேஜையில் நோயாளி இல்லை.

அப்படி ஒரு நோயாளி மேஜைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்த முறையில், மார்பகத்தோடு அதற்குக் கீழே உள்ள தசை, அக்குள் நெறிகள் என எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுவார்கள். எவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை. கட்டி சின்னதாக இருந்தாலும் அதேதான். சுமார் எழுபத்தைந்து வருடம் இது கேள்வி கேட்பாரற்று நடந்தது. இன்னொரு கொடுமையும் இருந்தது. கட்டியைச் சோதிக்கிறோம் என்று மயக்கம் கொடுப்பார்கள், மேஜையில் வைத்தே சோதித்து, புற்று என்று தெரிந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது அந்தப் பெண் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளருக்கு 1974-ல் இந்த நோய் வந்தது. முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவைச் சொல்லுங்கள், பிறகு என்ன செய்வது என்று நான் சேர்ந்து முடிவெடுக்கிறேன் என்று அவர் கேட்டார். இதற்குச் சம்மதிக்கிற டாக்டரைக் கண்டுபிடிக்கவே அவர் அலைய வேண்டியிருந்தது. அவர் அதோடு வீட்டுக்குப் போகாமல், மருத்துவ நூலகங்களில் உட்கார்ந்து படித்து, எழுதி, கூட்டங்களில் எழுந்து கேள்வி கேட்டு, எரிச்சலூட்டும் பெண்மணி என்று பெயர் வாங்கினார். 1979-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் டாக்டர் பட்டம் இல்லாத ஒரே ஆள் அவர்தான். அந்தக் குழுதான் ஹால்ஸ்டெட் முறை இனி வழக்கமான சிகிச்சை அல்ல என்றது, சோதனையையும் ஆபரேஷனையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னது. டாக்டர்கள் தரப்பில் பெர்னார்ட் ஃபிஷர் 1971 முதல் நடத்திவந்த ஆய்வுகள் இல்லாமல் இது நடந்திருக்காது, அதையும் சொல்ல வேண்டும். கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று நிரூபித்ததும் அவருடைய குழுதான், 1985-ல். ஆனால் ஆய்வு முடிவு ஒரு பக்கம் இருக்கும், வழக்கம் ஒரு பக்கம் இருக்கும். இரண்டையும் சேர்க்க யாராவது சத்தம் போட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் அந்தக் காலம், அங்கே, என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவருக்குத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் நடந்தது. முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்ற பேச்சு அவர் கணவரிடமும் கொழுந்தனிடமும்தான் நடந்திருக்கிறது. கையெழுத்தும் கணவர்தான். "உங்ககிட்ட கேட்கலையாக்கா?" என்றேன். "என்கிட்ட என்னத்தைக் கேக்குறது, அவங்க பேசிக்கிட்டாங்க" என்றார், கோபமே இல்லாமல். எனக்குத்தான் கோபம் வந்தது. கணவர் மேல் இல்லை. அந்த மனிதர் நிலத்தை ஒத்திக்கு வைத்துத்தான் பணம் கட்டினார். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஆளை விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்ப் பேசுகிற அந்தப் பழக்கத்தின் மேல் கோபம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் கட்டி ஹெர்-2 பாசிட்டிவ் வகை, அதாவது ஹெர்-2 என்ற புரதம் புற்று அணுக்களில் அதிகமாக இருக்கும் வகை. அந்த வகைக்கு டிராஸ்டுசுமாப் என்ற ஊசி உண்டு, அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்றது. அதற்கு முன்னால் இந்த வகை என்றால் வேகமாகப் பரவும், சீக்கிரம் திரும்பி வரும் என்று டாக்டர்கள் முகம் சுருங்கும். இந்த ஊசி வந்தபின் நிலைமையே மாறியது. இது சோதனையில் இருந்தபோதே சான்பிரான்சிஸ்கோவில் நோயாளிகளும் அவர்களுடைய தோழிகளும் கம்பெனி வாசலில் போய் நின்றார்கள், வேறு வழியில்லாதவர்களுக்காவது இப்போதே கொடுங்கள் என்று. கடைசியில் குலுக்கல் முறையில் சிலருக்குக் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 

இந்தியாவில் பிரச்சினை வேறு, இங்கே மருந்து இருந்தது, விலைதான் எட்டவில்லை. ஒரு குப்பி ஒரு லட்ச ரூபாய் அளவில் விற்ற காலம் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒன்று, ஒரு வருடத்துக்கு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அந்தத் தொகைக்கு நல்ல நஞ்சை நிலத்தையே பேசி முடித்துவிடலாம். 2012-ல் நோயாளிகளும் சுகாதார இயக்கத்தினரும் சேர்ந்து இந்த மருந்துக்குக் கட்டாய உரிமம் கொடு, மற்ற கம்பெனிகளும் தயாரிக்கட்டும் என்று டெல்லியில் கேட்கத் தொடங்கினார்கள். அரசும் பரிசீலித்தது. 2013-ல், இந்த மருந்தின் காப்புரிமையை வைத்திருந்த ரோஷ் கம்பெனி இந்தியாவில் அதைத் தொடரப்போவதில்லை என்று விட்டுவிட்டது. 2014 தொடக்கத்தில் பெங்களூர் பயோகானின் ஊசி சந்தைக்கு வந்தது, பிறகு மற்ற கம்பெனிகளும் வந்தன, விலை இறங்கியது. எனக்கு ஏறிய ஊசி அப்படி இறங்கிய விலையில் கிடைத்தது. அந்த 2012-ல் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. என் நரம்பில் ஏறியது அவர்களுடைய பிடிவாதமும்தான் என்று மட்டும் தோன்றுகிறது.

எல்லாப் போராட்டமும் இப்படி முடிவதில்லை. கேரளத்தில் ஒரு பெண், அவருக்கும் மார்பகப் புற்று, ரைபோசிக்லிப் என்ற மாத்திரை மாதம் 58,000 ரூபாய் ஆகிறது, என்னால் முடியவில்லை, கட்டாய உரிமம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று 2022-ல் உயர் நீதிமன்றம் போனார். தீர்ப்பு வருவதற்குள் இறந்துவிட்டார். நீதிமன்றம் வழக்கை மூடாமல் தானாகவே எடுத்து நடத்தியது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிராஸ்டுசுமாப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்லவரும் விஷயத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரு வருடம் ஏற்றுவது ஏன்? ஆரம்ப ஆய்வுகளில் அப்படி வைத்தார்கள், அதுவே வழக்கமானது. ஆறு மாதம் போதாதா என்று எந்தக் கம்பெனி கேட்கும்? விற்பனை பாதியாகக் குறைவதைத் தன் கைக்காசைப் போட்டு நிரூபிக்க யாருக்காவது ஆசை வருமா? இங்கிலாந்தில் அரசுப் பணத்தில்தான் அந்த ஆய்வு நடந்தது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு ஆறு மாதம், பாதிப் பேருக்கு ஒரு வருடம். 2019-ல் வந்த முடிவில் ஆறு மாதம் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தது, இதயத் தொந்தரவு குறைவு. அதற்கு முன் பிரான்சில் நடந்த ஆய்வு அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை என்பதால் பல டாக்டர்கள் இன்னும் ஒரு வருடத்தையே விரும்புகிறார்கள், என் டாக்டரம்மாவும் அப்படித்தான். "முழுசா முடிச்சிடலாம்மா, பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றார். நானும் முடித்தேன். ஆனால் பணமோ இதயமோ இடம் கொடுக்காத ஒரு பெண்ணிடம், ஆறு மாதத்துக்கும் ஆதாரம் இருக்கிறது தாயே என்று சொல்ல முடிகிறதே, அது சின்ன விஷயமா?

நம் நாட்டிலும் இந்த மாதிரி வேலை நடக்கிறது, நாம்தான் பேசுவதில்லை. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியின் தலைமையில் 1,600 பெண்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஆபரேஷனில் கட்டியை எடுப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி போடுவது. அதுதான், பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுவார்களே, அதே மருந்து. கத்தி படும்போது புற்று அணுக்கள் கலைந்து பரவுவதை அது தடுக்கலாம் என்பது யோசனை. 2023-ல் முடிவு வெளியானது. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போடாத குழுவில் 86.4 சதவீதம், போட்ட குழுவில் 90.1 சதவீதம். நூறு பேரில் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும். இதை வேறு இடங்களிலும் செய்து பார்த்து உறுதிப்படுத்த வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் இதை விற்க ஆளில்லை, டாக்டர்களிடம் பை தூக்கிக்கொண்டு போய்ச் சொல்ல மெடிக்கல் ரெப் இல்லை. நோயாளி வாயால் கேட்டால்தான் உண்டு. என் ஆபரேஷன் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இப்போது யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்தால், சர்ஜனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சில டாக்டர்கள் சிரிக்கிறார்களாம். சிலர், "யாரும்மா உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்களாம்.

அதே மும்பையில் இன்னொரு ஆய்வு, எங்கள் ஊர் மாதிரி இடங்களுக்கு இதுதான் பொருத்தம் என்பேன். 1998-ல் தொடங்கி இருபது வருடம், ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் மார்பகத்தைச் சோதித்தார்கள். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே கிடையாது, மெஷின் கிடையாது. சோதித்த குழுவில் நோய் முற்றுவதற்கு முன்பே தெரியவந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றால் ஏற்படும் சாவு சுமார் 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழ்வயதினரிடம் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. நம் நாட்டில் மேல்நாட்டை விட ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே இந்த நோய் வருகிறது என்பதால், அந்தக் கீழ்வயதினருக்கு இன்னும் விடை தேவைப்படுகிறது. 2022 கணக்குப்படி இந்தியாவில் ஒரே வருடத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது, 98,000 பேர் இறந்தார்கள். பாதிப் பேர் என்பது மாதிரி. பணக்கார நாடுகளில் இந்த விகிதம் இவ்வளவு மோசமில்லை. நம் பெண்கள் கட்டியோடு மாசக்கணக்கில் நடமாடிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வலிக்கலையே என்பார்கள். வலிக்காது, ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது, அதுதான் சிக்கல்.

வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்க இப்போது ஆள் வருகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் வந்தபின் என் மாமியாருக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. வாசல்வரை வருகிற அந்தப் பெண் பணியாளர், உள்ளே கூப்பிட்டு ஐந்து நிமிடம் மார்பகம் சோதிக்க முறையான பயிற்சியோடும் நேரத்தோடும் வந்தால் எப்படி இருக்கும்? இதைவிட்டு, மார்பகப் புற்று விழிப்புணர்வு மாதம் என்று அக்டோபரில் ரோஸ் கலர் பலூனும் ரிப்பனும் கட்டி, கல்லூரிப் பெண்களை நடக்கவிட்டு, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்துகிறார்கள். நடக்கிற பிள்ளைகளுக்கு இருபது வயது. கட்டி இருக்கிற அம்மா வயலில் களை பறித்துக்கொண்டிருக்கிறார். அந்த ரிப்பனுக்கே ஒரு கதை உண்டு. சார்லட் ஹேலி என்ற அமெரிக்கப் பெண்மணி தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புற்றுநோய்க்கு ஒதுக்கும் அரசுப் பணத்தில் தடுப்பு ஆராய்ச்சிக்கு ஐந்து சதவீதம்தான் போகிறது என்று எழுதி, பீச் நிற ரிப்பனைத் தைத்துக் கைப்பட விநியோகித்தார். அழகுசாதனக் கம்பெனியும் பத்திரிகையும் அதை வாங்கக் கேட்டபோது வியாபாரமாக்காதீர்கள் என்று மறுத்துவிட்டார். அவர்கள் நிறத்தை மாற்றி ரோஸ் ஆக்கிக்கொண்டார்கள். ஐந்து சதவீதம் என்ற பேச்சு அதோடு காணாமல் போனது.

நம் பக்கத்துக்கு இந்த வேலை புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையை மனதில் வைத்து வருடக்கணக்கில் அரசிடமும் பணம் படைத்தவர்களிடமும் அலைந்து, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். டாக்டர் என்பதற்காக மட்டும் அவர் அலையவில்லை, வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவர் என்பதற்காகவும்தான்.

இப்போது நான் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். இது கை பற்றியது. அக்குள் நெறிகளை எடுத்தபின் அந்தக் கை வீங்கலாம். நிணநீர் வடிகிற வழி அடைபட்டுப்போவதால் வருவது. அந்தக் கையில் பிரஷர் பார்க்காதே, ஊசி போடாதே, வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள், வெயிட் தூக்காதே என்று சொல்லி அனுப்புவார்கள். வெயிட் தூக்காதே என்பது ஆதாரமே இல்லாமல் வருடக்கணக்கில் சொல்லப்பட்டுவந்த ஒன்று. அமெரிக்காவில் கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து, முறையாகப் பயிற்சி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்க வைத்துப் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. வீக்கம் கூடவில்லை, திடீரென்று வீங்கிச் சிவந்து தொந்தரவு கொடுப்பது குறையவே செய்தது. நல்ல செய்திதான். ஆனால் அது ஜிம்மில், டம்பெல்லோடு, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க நடந்தது. எங்கள் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து, சேற்றுத் தண்ணீரில் கை ஊறியபடி, வெயிலில் நாற்று நடுகிறவர்கள். அறுப்பில் அரிவாள் பிடிக்கிற கை அது. விரலில் நாற்றுத்தாள் கீறாத நாள் இல்லை. அந்தச் சின்னக் கீறல் வழியாகக் கிருமி போனால் கையே சிவந்து காய்ச்சல் வந்துவிடும். நடவுக்குப் போகலாமா, எப்போது போகலாம், கையுறை போட்டு நட முடியுமா, இறுக்கமான கைப்பட்டையை இந்தப் புழுக்கத்தில் எத்தனை மணி நேரம் போட்டிருப்பது, போகவே கூடாது என்றால் அந்தக் கூலிக்கு என்ன வழி? நான் கேட்ட டாக்டர்கள் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் சொன்ன பதில், "பார்த்துச் செய்யுங்கம்மா."

தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஆய்வு செய்துதான் ஆக வேண்டும். இந்தக் கேள்விக்கு விலையுயர்ந்த மெஷின் வேண்டாம், ஒரு அளவு நாடா போதும், இரண்டு போகம் பொறுமை போதும். நெறி எடுத்த பெண்களில் வயலுக்குத் திரும்பியவர்கள் யார், வீக்கம் வந்தவர்கள் யார், வேலை எப்படிச் செய்தவர்களுக்கு வரவில்லை என்று பார்த்து எழுத வேண்டியதுதான். ஒரு கல்லூரிக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. இன்னொரு இடத்தில் ஒரு இளம் டாக்டர் போனிலேயே அரைமணி நேரம் பேசினார், வழிகாட்டியிடம் கேட்கிறேன் என்றிருக்கிறார்.

நோயாளிக்கு மேஜையில் இடம் என்று நான் சொல்வது ஆகாயத்தில் கோட்டை கட்டுவது இல்லை. 1992-ல் அமெரிக்கப் பெண்கள் போராடி, ராணுவ பட்ஜெட்டிலிருந்தே மார்பகப் புற்று ஆராய்ச்சிக்கு 21 கோடி டாலர் வாங்கினார்கள். எந்த ஆய்வுக்குப் பணம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் குழுக்களில் விஞ்ஞானிகளோடு நோயிலிருந்து மீண்டவர்களும் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். நம் நாட்டிலும் மனிதர்களிடம் நடக்கும் எந்த மருத்துவ ஆய்வையும் பார்த்து அனுமதிக்க நெறிமுறைக் குழு இருக்க வேண்டும், அதில் மருத்துவம் சாராத சாதாரண நபர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த நாற்காலியில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெரிய மனிதர் யாராவது உட்கார்ந்திருப்பார் என்பது என் சந்தேகம். அவர் உட்காரட்டும், பக்கத்தில் கீமோ ஏறிய ஒருத்தியும் உட்காரட்டும். பஸ் கடைசி ட்ரிப் எத்தனை மணிக்கு என்று அவளுக்குத் தெரியும்.

உங்களிடமே ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டால் பயப்படாதீர்கள், தலையாட்டவும் செய்யாதீர்கள். என்னிடம் கட்டியின் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள், ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி, கையில் பல பக்கத் தாளைக் கொடுத்து. காலையில் சொல்கிறேன் என்றேன். அந்தப் பையன் முகம் வாடிவிட்டது, ஆனால் சரி என்றார். படித்தேன், கேட்டேன், கையெழுத்துப் போட்டேன். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துவரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்துச் சோதனைகள் எல்லாம் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் சிடிஆர்ஐ என்ற மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். அந்தத் தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, காசு கிடையாது. பிள்ளைகளை விட்டு மார்பகப் புற்று என்று தேடச் சொன்னால் எந்த ஊரில் என்ன ஆய்வு நடக்கிறது என்று பார்க்கலாம். படிவத்தில் பதிவு எண் இல்லை என்றால், எண் எங்கே என்று கேளுங்கள்.

கோட்டூர்ப் பெண்ணை இரண்டு மூன்று பேராகப் பேசி மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். விட்ட நாட்களுக்கு டாக்டர் கணக்குப் போட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். இப்போது மாத்திரையில் இருக்கிறார். சம்பாவுக்கு நடவுக்குப் போகலாமா என்று போன வாரம் போன் பண்ணிக் கேட்டார். கை வீக்கத்துக்கான பயிற்சிகளைப் படத்தோடு அடுத்த பதிவில் போடுகிறேன். பிசியோதெரபி தெரிந்தவர்கள், முக்கியமாக வயல் வேலை செய்கிறவர்களைப் பார்த்துப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அதற்கு முன்னால் எழுதுங்கள்.